படித் திருப்பத்து இடம்

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சௌம்யா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இடது தோளை வலது கையால் பிடித்து அழுத்திப் பார்த்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் யாரோ ஆணி இறக்கியிருந்தார்கள். விரல்கள் மடங்கின. விரியத்தான் மாட்டேனென்றன.

முந்தின நாள் பெங்களூரில் தொம்மலூர்ச் சந்து ஒன்றில் மோல்டிங். மோல்டிங் என்றால் வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போடுகிற நாள். தொடங்கினால் முடிக்காமல் இறங்கக்கூடாது. பாதியில் நின்றால் பழசும் புதுசும் ஒட்டாது, அந்த இடத்தில் ஆயுசுக்கும் ஒழுகும். சந்து குறுகலாக இருந்தால் பெரிய லாரி நுழையாது. ரோட்டில் மிக்சர் மிஷின் ஓட, அங்கிருந்து மாடிவரை ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி ஏற்றுவார்கள்.

அந்த வரிசையில் கெட்ட இடம் படித் திருப்பம். கீழே நிற்பவள் நீட்டுகிற சட்டியைக் குனிந்து வாங்கி, இடுப்பைத் திருப்பி, மேற்படியில் நிற்பவளுக்குத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். மற்ற இடத்தில் ஒருத்தி கொஞ்சம் அசந்தால் பக்கத்திலிருப்பவள் சமாளித்துவிடுவாள். திருப்பத்தில் நிற்பவள் அசந்தால் மொத்த வரிசையும் நின்றுவிடும். பத்தாவது முடித்த விடுமுறையிலிருந்து அந்த இடம் சௌம்யாவுடையது. விடுமுறை நாளில் எங்கே மோல்டிங் என்றாலும் அம்மா கங்கம்மாவோடு அவளும் போவாள். அப்பா ஓசூர்ப் பக்கம் கம்பி கட்டப் போய் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்.

"சுடுதண்ணி வச்சிருக்கேன், துணிய நனைச்சு ஒத்தடம் குடு" என்றாள் கங்கம்மா, ஸ்டவ்வுக்கு முன்னால் ஒரு காலை நீட்டி உட்கார்ந்தபடி. அந்த முட்டி மடங்கி ரொம்ப நாளாயிற்று.

"இன்னிக்கு மிஸ்ஸுகிட்ட சொல்லியாகணும்மா. எந்த யூனிவர்சிட்டின்னு."

"ரெண்டுக்கும் போட்டு வை. எவன் கூப்பிடறானோ அவன்கிட்ட போ."

"ரெண்டுக்கும் போடக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்டுன்னா ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுன்னா கேம்பிரிட்ஜ். ஒரு வருஷத்துல ஒண்ணுதான். அவங்க ரூல் அது."

கங்கம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "சரியாத்தான் வச்சிருக்கான். ஒரே நாளைக்கு ரெண்டு மேஸ்திரிகிட்ட வரேன்னு சொன்னா, அப்புறம் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். வெள்ளக்காரன் மட்டும் இளிச்சவாயனா?"

சௌம்யாவுக்குச் சிரித்தாலும் வலித்தது. கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டே யூனிஃபார்ம் போட்டாள்.

பள்ளிக்கூடம் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிப்பது. ஒன்றாம் வகுப்பில் இலவச இடத்தில் உள்ளே போனவள், பன்னிரண்டாவதுவரை ஒருவரும் வெளியே தள்ள முடியாதபடி மார்க் வாங்கியிருந்தாள். அதிலும் கணக்கு. பொருளாதாரம் படிக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இடம் கிடைத்தால் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வதாக ஒரு ட்ரஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தது. எந்த யூனிவர்சிட்டி என்பதை மட்டும் அவளே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பவர் பிரிஜெட் மிஸ். விவேக் நகர்க்காரர், நல்ல மனசு, சீக்கிரம் கண் கலங்குபவர். அன்று அவர் அறையில் தேஜஸும் இருந்தான். ட்ரஸ்ட் சார்பில் வந்தவன். தாத்தா காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்காக மைசூர் ராஜ்யத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பி, இப்போது ஏதோ கம்பெனியில் இருந்தான்.

"கழுத்துக்கு என்ன?" என்றான்.

"நேத்து மோல்டிங், சார்."

"சார் எல்லாம் வேணாம். அது என்ன மோல்டிங்?"

சொன்னாள். வரிசையை, சட்டியை, திருப்பத்தை. தேஜஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சரி, இன்டர்வியூல கேக்கற மாதிரி கேக்கறேன். திருப்பத்துல நிக்கறது கஷ்டமான வேலை. ஆனா கூலி எல்லாருக்கும் ஒண்ணு. அப்புறம் ஏன் நீ அங்க நிக்கறே? கூட குடுன்னு ஏன் கேக்கல?"

சௌம்யா போர்டுக்குப் போனாள். வலது கையால் எழுதினாலும் இடது தோள் இழுத்தது. வரிசையின் வேகத்துக்கு ஓர் எழுத்து, ஒவ்வோர் இடத்தின் வேகத்துக்கும் ஓர் எழுத்து. இருப்பதில் குறைந்த வேகம் எதுவோ அதுதான் வரிசையின் வேகம் என்று எழுதினாள். மேஸ்திரி வேறெங்கே ஆளைக் கூட்டினாலும் வேகம் ஏறாது, திருப்பத்தில் மட்டும்தான் ஏறும், ஆனால் படியில் இன்னொரு ஆள் நிற்க இடமில்லை என்று காட்டினாள். ஆகவே அந்த இடத்தில் நிற்கிற ஆளுக்குத்தான் விலை.

"அந்த விலையை மேஸ்திரி எனக்குக் காசா குடுக்கறதில்ல. எங்கம்மா முட்டி போனவங்க. தனியா போனா ஒருத்தரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்க. என்கூட வரதால அவங்களுக்கு மிக்சர் பக்கத்துல லேசான இடம். எனக்குக் காசா வராத மிச்சக் கூலி அதுதான். வேற மேஸ்திரி என்னை மட்டும் கூப்பிட்டா, எங்கம்மாவோட கூலியையும் சேத்துக் குடுத்தாத்தான் போவேன்."

அதையும் ஒரு கோடாகப் போட்டு, எந்த அளவுக்கு மேல் கொடுத்தால் மாறுவாள், எந்த அளவுக்குக் கீழே மாறமாட்டாள் என்று பிரித்துக் காட்டினாள். எழுதி முடித்துத் திரும்பினால் பிரிஜெட் மிஸ் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்காக நீ நிக்கறே பாரு... இதை அப்படியே எழுது சௌம்யா. ஒரு வார்த்தை மாத்தாதே. ஆக்ஸ்ஃபோர்டுல உன்னைத் தூக்கி வச்சுப்பாங்க. அங்க பேச்சுதான். உன் வாழ்க்கையே போதும்."

"மிஸ், நான் கணக்கு போட்டேன். நீங்க கதை கேட்டீங்க."

கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. சௌம்யா அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தேஜஸ் பலமாகச் சிரித்தான்.

"அவ சொல்றது சரி மிஸ். உங்களுக்கு அழுகை வந்துது, எனக்கு அந்த மூணாவது வரி புரியவே இல்ல." அவளைப் பார்த்துச் சொன்னான்: "உண்மையைச் சொல்லிடறேன். ரெண்டும் நல்ல இடம். எங்க போனாலும் நீ கெட்டுப்போக மாட்டே. ஆனா ஆக்ஸ்ஃபோர்டுல பொருளாதாரம் தனியா வராது. நான் படிச்சதுல தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூணும் சேந்து வரும். நான் கணக்குக்குப் பயந்துதான் அதுக்குப் போனேன். எனக்கு அது சரியா இருந்துது. கேம்பிரிட்ஜ்ல பொருளாதாரம் மட்டும். முதல் வருஷத்திலேயே கணக்குல புழிஞ்சு எடுத்துடுவாங்க. உள்ள போறதுக்கு முன்னாடியே ஒரு கணக்குப் பரீட்சை வேற."

"கால்குலேட்டர் உண்டா?"

"கிடையாது."

"அப்ப கேம்பிரிட்ஜ்."

"யோசிச்சு சொல்லும்மா" என்றார் பிரிஜெட் மிஸ். "பேச்சுன்னா உனக்கு நல்லா வரும்."

"பேசறதுக்கு எங்க சந்துல நிறைய பேர் இருக்காங்க, மிஸ். இந்த மாதிரி போர்டுல எழுதினா தப்பு எங்கன்னு சொல்றவங்கதான் இல்ல. அது இருக்கற இடத்துக்குப் போறேன்."

தேஜஸ் லேப்டாப்பைத் திறந்து பரீட்சைக்குப் பதியும் பக்கத்துக்குப் போனான். கடைசி நாள் நெருங்கிவிட்டதால் பெங்களூரு சென்டரில் அநேகமாக எல்லா நாளும் நிரம்பியிருந்தது. மிச்சமிருந்தது அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை.

சௌம்யா தேதியை இன்னொரு முறை படித்தாள். அந்த வியாழக்கிழமை விவேக் நகரில் கிளிஃபர்ட் என்பவர் வீட்டு மோல்டிங். துபாயிலிருந்து வந்திருந்த அவர் தம்பி திரும்பிப் போவதற்குள் கூரை போட்டாக வேண்டும் என்று நாள் குறித்தாயிற்று. அதற்குள் தசரா விடுமுறை முடிந்துவிடும் என்றாலும் ஒரு நாள் லீவு போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா மேஸ்திரியிடம் இரண்டு தலைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரிஜெட் மிஸ் மெல்லச் சொன்னார்: "ஆக்ஸ்ஃபோர்டு பரீட்சை அதுக்கடுத்த வாரம்தான். தேதி ஒண்ணும் இடிக்காது."

அது நல்ல யோசனைதான், அதுதான் சங்கடம். இந்தத் தேதியை விட்டால் ஒருவர் முகமும் வாடாது. அம்மா வாக்கு நிற்கும், மிஸ் சந்தோஷப்படுவார். மூன்று வருஷம் மூன்று பாடம் படித்து அவளும் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அவள் போர்டைப் பார்த்தாள். புரியவில்லை என்று தேஜஸ் சொன்ன அந்த மூன்றாவது வரியில் தப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

"வியாழக்கிழமையே போடுங்க" என்றாள்.

வீட்டில் சொன்னதும் கங்கம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தலைன்னு சொல்லிட்டேனே. இப்ப போய் ஒண்ணுன்னா?"

"அன்னிக்குத்தான்மா இடம் இருந்துச்சு."

"இன்னொண்ணுக்குப் போட்டா அடுத்த வாரம்னு நீயே சொல்றே. அப்ப அதுக்குப் போட வேண்டியதுதானே? படிப்புதானே, எங்க படிச்சா என்ன? ரெண்டும் பெரிய ஊருதானே?"

"எங்க நின்னாலும் மோல்டிங்தானே, அப்புறம் ஏன் நீ மிக்சர் பக்கத்துல நிக்கறே?"

கங்கம்மா போனை எடுத்து மேஸ்திரி கோவிந்தப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மகள் பக்கம் தள்ளினாள். நீயே பேசு என்பதற்கு அது அர்த்தம். கோவிந்தப்பா கன்னடக்காரர், ஆனால் தமிழ் ஆட்களை வைத்தே தலை நரைத்தவர்.

"ஏனம்மா, பரீட்சையா? பஹள சந்தோஷ. ஓதும்மா, நல்லா படி" என்றார். "ஆனா நம்ம ஆளுங்க செட்டுல முறை தெரியுமில்ல? நின்ன இடத்த விடறவதான் அந்த இடத்துக்கு ஆளையும் நிறுத்தணும். நான் தேட மாட்டேன். திருப்பத்துல ஆள் இல்லன்னா உங்கம்மாவையும் அன்னிக்கு வேணாம்னு சொல்லிடுவேன். என்மேல கோவப்படாதே."

கோபப்பட ஒன்றுமில்லை. அவள் நின்றால்தான் அம்மாவுக்கும் இடம் என்று போர்டில் போட்ட அதே கோடுதான். இப்போது மேஸ்திரியின் குரலில் வந்தது.

திருப்பத்தில் நிற்கக்கூடிய ஆள் அந்தச் செட்டில் இன்னும் ஒருத்திதான் உண்டு. சௌம்யா வீடு இருக்கும் காம்பவுண்டிலேயே மாடி அறையில் இருக்கும் அன்னம்மாள். சௌம்யா வருவதற்கு முன்னால் திருப்பம் அவள் இடம். அவளை மணல் அள்ளப் போகச் சொல்லிவிட்டுத்தான் மேஸ்திரி சௌம்யாவை அங்கே நிறுத்தினார். அன்றிலிருந்து அன்னம்மாள் கங்கம்மாவோடு பேசுவதில்லை. குழாயடியில் குடத்தை மாற்றி வைப்பதோடு சரி.

மறுநாள் சாயங்காலம் சௌம்யா மாடி ஏறினாள். அன்னம்மாள் வாசலில் உட்கார்ந்து கால் வெடிப்பில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, திருப்பத்து மகாராணியா? உங்காத்தா அனுப்பினாளா?"

"இல்ல அத்தே. அம்மா நேத்துலேருந்து என்கூட பேசறதில்ல."

"அப்ப நீயும் என் கட்சி. உக்காரு."

உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பரீட்சை, வியாழக்கிழமை, கிளிஃபர்ட் வீடு, மேஸ்திரி சொன்னது. அன்னம்மாளின் கையிலிருந்த கல் நின்றது.

"எந்த இடத்துல நிக்கணும்?"

"திருப்பத்துல."

"அடி இவளே! அது என் இடம்டி. எத்தன வருஷம் நின்னேன் தெரியுமா? சின்னப் பொண்ணு வேகமா இருக்கா, நீ மணலுக்குப் போ அன்னம்மான்னான் அந்த மேஸ்திரி. உங்காத்தா பக்கத்துலயே நின்னா, வாயத் தொறக்கல. இப்ப என் இடத்த எனக்கே ஒரு நாளைக்கு இரவல் குடுக்க வந்தியா?"

"ஆமா."

"ஆமாங்கறா பாரு! கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க இல்லன்னா வேற ஆள் இல்ல. மத்தவங்க நின்னா மத்தியானத்துக்குள்ள வரிசை நின்னுடும்."

"ஐஸ் வெக்கறியா?"

"இல்ல அத்தே. கணக்கு."

அன்னம்மாள் மூக்கை உறிஞ்சினாள். காலைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தாள். தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துக்கொண்டாள், அது இன்னும் சுழல்கிறதா என்று சோதிப்பதுபோல.

"எங்கடி அந்த ஊரு?"

"லண்டன் பக்கத்துல."

"அங்க போய் என்னத்தப் படிப்பே?"

"கூலி ஏன் கூலியா இருக்குன்னு."

"அதுக்கு அவ்ளோ தூரமா? சரி போ. நிக்கறேன்."

"கூலிக்கு மேல ஏதாச்சும்..."

"காசெடுத்தே, செருப்பு பிஞ்சிடும். ஒரு நாளுக்கு ஒரு நாள். பர்கூர்ல எனக்குக் காலி மனை இருந்துச்சு இல்ல, செவுரு எழுப்பிட்டேன். கம்பி வாங்கினதும் கூரை. அன்னிக்கு நீ வந்து சாரத்து மேல நிக்கணும். கீழேருந்து வாங்கி மேல குடுக்கற இடம். அங்க திருப்பம் அதுதான்."

"எப்ப அத்தே?"

"எனக்கென்ன தெரியும்? அடுத்த வருஷமோ, அதுக்கடுத்த வருஷமோ. சேர்றப்ப."

"அப்ப நான் அந்த ஊர்ல இருந்தா?"

"ஏன், அங்க ப்ளேன் ஓடாதா?"

முடிந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் செட்டில் அப்படிச் சொல்வதற்கு வரமாட்டேன் என்று பொருள். மேஸ்திரியிடம் அப்படிச் சொன்னவர்களை அடுத்த முறை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"வரேன்" என்றாள் சௌம்யா.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னாள். கங்கம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, "மாடிக்குக் குடுத்துட்டு வா" என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. பரீட்சை சென்டர் கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஏசி, ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். சுற்றிலும் விலையுயர்ந்த பள்ளிகளின் பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலோடும் பெற்றோரோடும் வந்தவர்கள். சௌம்யா அவர்களைப் பார்த்துப் பயப்படவில்லை. தடுப்புக்குள் போய்விட்டால் அவரவர் இடம் அவரவருக்கு. முதல் சில கேள்விகள் நீட்டிய சட்டியைப் போல நேராகக் கைக்கு வந்தன. நடுவில் ஒன்று சிக்கியது. பிடிவாதம் பிடிக்காமல் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஒரு சட்டி சிந்தினால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, அடுத்தது வந்துகொண்டிருக்கும். கடைசியில் நேரம் மிஞ்சியது, திரும்பி வந்து சிக்கியதையும் அவிழ்த்தாள்.

வெளியே வந்ததும் போனில் தேஜஸ்: "எப்படி?"

"நல்லா போட்டிருக்கேன்."

"நிறைய பேர் கஷ்டம்னு அழறாங்க."

"கஷ்டம்தான். ஆனா போட்டுட்டேன்."

விவேக் நகர் பஸ் பிடித்தாள். இறங்கியபோது மிக்சர் சத்தம் சந்து முனையிலேயே கேட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோவிந்தப்பா கையை ஆட்டி, "பேகா, பேகா! சீக்கிரம், மழை வருது!" என்று விரட்டிக்கொண்டிருந்தார். கங்கம்மா மிக்சர் பக்கத்தில் தன் இடத்தில் இருந்தாள், மகளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். சௌம்யா தலையாட்டினாள்.

படித் திருப்பத்தில் அன்னம்மாள். முந்தானையை இறுக்கிச் செருகி, முகமெல்லாம் சாந்துத் தெறிப்பு. சட்டி வருகிறது, குனிகிறாள், திரும்புகிறாள், தூக்குகிறாள். கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒரே சீராக. வரிசை ஓர் இடத்திலும் தேங்கவில்லை. சௌம்யாவுக்கு ஒன்று உறைத்தது. தான் அவசரமாகத் தூக்குவாள், பிறகு மூச்சு வாங்குவாள். அன்னம்மாளிடம் அந்த இடைவெளியே இல்லை. நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். மேஸ்திரி அவளை மணலுக்குத் தள்ளியது தப்புக் கணக்கு. அதைத் தானும் அன்று பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள்.

"அத்தே, விடுங்க, மிச்சத்த நான் நிக்கறேன்." யூனிஃபார்ம் கையை மடித்தாள்.

"போடி அந்தண்ட! நடுவுல ஆள் மாத்தினா வரிசை நின்னுடும். முடிச்சுட்டுத்தான் இறங்குவேன். கடன்ல பாதி கழிச்சுக்கலாம்னு பாக்கறியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மேலே நின்றவள், "படிச்ச புள்ள, அதான் தள்ளுபடி கேக்குது" என்றாள்.

கடைசிச் சட்டி ஏறியபிறகுதான் மழை இறங்கியது. கூரை மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். கிளிஃபர்ட் வீட்டுப் பிரியாணி அண்டா திறந்தது. சாப்பிட்டுவிட்டு அன்னம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்பப் பார்த்தாள், முடியவில்லை. கங்கம்மா நொண்டிக்கொண்டே போய் அவள் பின்னால் உட்கார்ந்து, தோளில் தைலம் தேய்த்தாள். அன்னம்மாளும் தோளைத் தளர்த்திக் கொடுத்தாள்.

"எப்படிடி எழுதினே?" என்றாள் கண்ணை மூடியபடி.

"நல்லா எழுதினேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா?"

"போவேன்."

"போ. ஆனா எழுதி வச்சுக்கோ."

எழுதி வைக்கத் தேவையில்லை. பர்கூரில் அன்னம்மாள் வீட்டுச் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. அந்தக் கூரை போடுகிற நாளில் சாரத்தின் மேல் நின்று சட்டி வாங்கித் தூக்க வேண்டியவள் சௌம்யா. அன்னம்மாளுக்கு அவள் ஒரு மோல்டிங் நாள் பாக்கி.